நாற்பதாவது நாற்காலி

என் கொழுந்தன் கர்ட்டிஸ் கெட்டவன் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நாங்கள் பீர்க்கூடம் நடத்தும் பழைய வெண்ணெய் ஆலைக் கட்டடம் அவனுடையது. என் மாமனார் அவன் பேரில் எழுதிவைத்தார். ஜனவரியில் ஒரு நாள் வந்தான், ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நாப்பது நாற்காலி போட்டிருக்கீங்க டார்லா. பிப்ரவரி கடைசி ஞாயிறுக்குள்ள ஒரு நாளாவது நாப்பதுலயும் ஆள் உக்காரட்டும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா என் படகுங்களை நிறுத்த எனக்கு இடம் வேணும்."

என் கணவர் வெர்லின் "ம்" என்றார். அவ்வளவுதான். நல்ல பீர் காய்ச்சினால் ஆள் தானாக வரும் என்று நம்புகிற மனுஷர். இதற்கு முன்னால் பதினாறு வருஷம் வான்கோழி இறைச்சி ஆலையில் குளிரில் நின்று விரல் மரத்துப்போனவர். கூடம் போனால் மறுபடியும் அங்கேதான் போக வேண்டும்.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன். முதலில், பீர் குடித்துக்கொண்டே யோகா. ஆறு பேர் வந்தார்கள். சிமெண்டுத் தரையின் குளிரில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மற்ற ஐந்து பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தது வினாடி வினா. ஊரில் எல்லோருக்கும் விடை தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே! விடை சொன்னால் அலட்டிக்கொள்கிறார் என்று நினைத்துவிடுவார்களாம். இருபது கேள்வியையும் நானே கேட்டு நானே பதில் சொன்னேன். யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று பாட்டுக் கச்சேரி வைத்தேன். எல்லோரும் கைதட்டத் தயாராக வந்தார்கள், பாட ஒருத்தரும் வரவில்லை.

நான் சிகாகோக்காரி. இந்த மினசோட்டாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் இந்த மரியாதைக்காரர்களோடு என்னால் மல்லுக்கட்ட முடியவில்லை.

கடைசி ஞாயிறு மதியத்துக்குக் கேக் போட்டி அறிவித்தேன். வெறுங்கையோடு எங்கும் போகாத ஊர் இது, கொண்டுவரச் சொன்னால் வந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சர்ச் முடிந்து இருபத்தாறு பேர் தட்டும் கையுமாக வந்தார்கள். கர்ட்டிஸும் வந்தான். ஒரு பீர் வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்று, தலைகளை எண்ணினான்.

ஒரு மணி நேரத்தில் தட்டெல்லாம் காலி. ஆர்டிஸ் என்ற ரிட்டயர்டு டீச்சர் கொண்டுவந்த எலுமிச்சைக் கேக்கில் மட்டும் ஒரே ஒரு துண்டு மிச்சம்.

அங்கேதான் வண்டி நின்றது. இந்த ஊரில் கடைசித் துண்டை எடுப்பவன் பேராசைக்காரன். அதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினால் செய்தவளுக்கு அவமானம். ஆர்டிஸோ எதிரிலேயே உட்கார்ந்து, எனக்கு ஒன்றுமில்லை என்கிற மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோட்டை மாட்டிய நாலு பேர் அதைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார முடியாதே, இன்னொரு பீர் வாங்கினார்கள்.

கடைசியில் தபால்காரர் ஓர்வில் எழுந்துபோய்த் துண்டைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்துக்கொண்டார். கூடமே மூச்சு விட்டது. ஆனால் மறுபாதி இருக்கிறதே, இப்போது அதுதான் கடைசி. பத்து நிமிஷம் கழித்து வேறொருத்தி அதில் பாதி. அப்புறம் இன்னொருவர் அதிலும் பாதி. யாரோ, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த தன் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்ல, ஐஸில் போட்ட தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஒரு கூட்டமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பந்துருட்டி விளையாடும் பௌலிங் கிளப்பிலிருந்து இன்னொரு கூட்டம். வெர்லின் நிமிராமல் பீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அத்தனை பாடுபட்டு வைத்த போட்டியை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. போகட்டும், ஆள் வந்ததே, எனக்கு அது போதும்.

மூன்று மணிக்கு முப்பத்தொன்பது நாற்காலியில் ஆள். வாசல் பக்கம் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி.

ஆறு பேர் நிற்கிறார்கள், ஒரு நாற்காலி காலி! ஒவ்வொருத்தரிடமும் போய் உட்காருங்கள் என்றேன். வேண்டாம், நின்றால்தான் முதுகுக்கு நல்லது என்றார் ஒருவர். இப்போதுதான் உட்கார்ந்து வந்தேன் என்றார் இன்னொருவர். எனக்குப் புரிந்துவிட்டது. கேக்குக்கு நேர்ந்த கதி நாற்காலிக்கும் நேர்ந்துவிட்டது. கேக்கையாவது பாதியாக வெட்டலாம், நாற்காலியை என்ன செய்வது?

"முப்பத்தொம்பது," என்றான் கர்ட்டிஸ். சந்தோஷமாகக்கூடச் சொல்லவில்லை, பாவி. வருத்தமாகத்தான் சொன்னான்.

வெர்லின் கையைத் துடைத்துக்கொண்டு, பீர் ஊற்றும் மேடையை விட்டு வெளியே வந்தார். அந்த ஆறு பேரையும் தாண்டி, நேரே தம்பியிடம் போய் நின்றார்.

"உக்காரு கர்ட்டிஸ்."

"வேண்டாம், வேண்டாம். நான் இப்படியே நிக்கறேன்."

"நாற்காலி சும்மாதான இருக்கு. உக்காரு."

"இல்லப்பா, வேற யாராவது உக்காரட்டும்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை மறுப்பது மரியாதை. இரண்டாம் தடவை மறுப்பதும் மரியாதைதான். மூன்றாம் தடவையும் மறுத்தால் அது பகை, பேரன் பேத்தி காலம்வரை பேச்சுவார்த்தை இருக்காது. சிகாகோக்காரியான நான் எல்லோரையும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டேன், மட்டி!

கர்ட்டிஸுக்கும் தெரியும் அடுத்து என்ன வருகிறது என்று. கதவைப் பார்த்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். அப்புறம் துடைத்தும் காயாமல் சிவந்து கிடந்த அந்த விரல்களைப் பார்த்தான். வெர்லின் அவசரப்படவே இல்லை.

"எனக்காக உக்காரு தம்பி," என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் யாரிடமும் எதையும் எனக்காக என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

கர்ட்டிஸ் காலி நாற்காலி வரை நடந்தான். கூடவே நாற்பத்தைந்து ஜோடிக் கண்களும் நடந்தன.

"சரி, உனக்குச் சிரமமில்லேன்னா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.