சத்தியம் பண்ணாதவள்

அறுவடைக் கூலிக்காக நடந்த வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள், சங்கத் தலைவர் சாரங்கபாணி ஒளிந்திருந்த வைக்கோல் போரை போலீஸ் நேராக வந்து பிரித்து அவரைப் பிடித்துப்போனது. தெருவில் எவனோ காட்டிக்கொடுத்திருக்கிறான். கழக ஆட்சி வந்தால் என்ன, பண்ணையார் ஆள் அனுப்பினால் ஜீப் வரத்தானே செய்கிறது!

தெருவில் மற்ற இருபத்தெட்டு வீட்டுக்காரர்களும் மாரியம்மன் வாசலில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் சொல்லல" என்று சத்தியம் பண்ணினார்கள். ரெத்தினம் மட்டும் மாட்டேன் என்றாள். புருஷனைப் பறிகொடுத்து ஒண்டியாக இருப்பவள். தெருவிலேயே ஏசுவைக் கும்பிடும் வேதக்காரி அவள் ஒருத்திதான்.

"எங்க வேதத்துல சத்தியமே பண்ணக்கூடாதுன்னு இருக்கு மாமா. நான் சொல்லல. அவ்வளவுதான்," என்றாள் நாட்டாமை இளையபெருமாளிடம்.

முதல் ஆளாகக் கற்பூரம் அணைத்த வீரையன் எகிறினான். "மடியில கனமில்லேன்னா கற்பூரத்துக்கு ஏன் பயம்? ஞாயித்துக்கிழமை பண்ணையார் வீட்டு வழியாத்தானே போனே?"

பாபநாசம் வேதக்கோயிலுக்கு அவள் பத்து வருஷமாகப் போகிற வழி அதுதான். யார் கேட்டார்கள்? கட்டுப்பாடு விழுந்தது. அவளோடு யாரும் பேசக்கூடாது, நெருப்புக் கொடுக்கக்கூடாது, வேலைக்குக் கூப்பிடக்கூடாது.

வேலைநிறுத்தம் முடிந்து தாளடி நடவு வந்தது. விடியலில் பெண்கள் ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுத்துக் கூட்டிப்போவார்கள். அவள் வாசல் வந்ததும் பேச்சு நிற்கும், தாண்டியதும் தொடரும். அதைக் கேட்பதற்குச் செவிடாகவே பிறந்திருக்கலாம்.

அந்தக் கோயில் உபதேசியார் சைக்கிளில் வந்தார். "ஒரு தடவை அணைச்சிட்டுத்தான் வந்துடேன்மா. ஆண்டவர் மனசைத்தான் பார்க்கிறார்," என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்குத்தான் ரெத்தினம் உடைந்துபோனாள்.

மனப்பாட ஜெபங்கள் வாயில் வரவில்லை. அதுவரை ஆண்டவரிடம் அவள் கேட்டதெல்லாம் ஒரு கறவை மாடு, கூரைக்குக் கீற்று, சமீபமாக வீரையன் வாயில் புழு. இப்போது கேட்க ஒன்றுமில்லை, பேச ஆள் வேண்டியிருந்தது. "இந்தாரும், உப்பு தீர்ந்துபோச்சு. யாருகிட்ட நான் கேக்கட்டும்? நீர் போய் வாங்கியாரப் போறீரா?" என்று அடுப்படியில் சண்டை போட்டாள். நடுவில் அழுதாள், பிறகு தொடர்ந்தாள். ஊரே காதைப் பொத்திக்கொண்ட பேச்சை ஒருத்தர் உட்கார்ந்து கேட்கிறார் என்பது மெல்ல மெல்ல அவளுக்கு உறைத்தது. கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்த காலத்தில்கூட அது அவளுக்குத் தெரிந்ததில்லை.

ஒரு மத்தியானம் வாய்க்கால் கரையில் வீரையன் பெண்சாதி அம்சம் ஓடிவந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருதான் சொன்னாரு. புள்ளைங்க மூணு நாளாப் பட்டினி. ஒரு மூட்டை நெல்லு தர்றேன்னாங்க. தெரிஞ்சா அவரை வெட்டிப்புடுவாங்கக்கா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! ரெத்தினம் காலை உதறிக்கொண்டு நடந்தாள்.

அன்று சாயங்காலமே நாட்டாமை கூட்டம் கூட்டினார். "கடைசியாக் கேக்குறேன் ரெத்தினம். கற்பூரத்தை அணை. இல்லே, நீ இல்லேன்னா யாரு சொன்னதுன்னாவது சொல்லு. ரெண்டும் இல்லேன்னா தை வரைக்கும் கட்டுப்பாடுதான்."

பேர் நாக்கு நுனியில் நின்றது. ஒரே ஒரு பேர். நாளைக்கே அவள் வாசலில் குரல் கேட்கும். எதிரே வீரையன் வெளிறிப்போய் நின்றான். என்ன பண்ணட்டும் என்று உள்ளுக்குள் கேட்டாள். பதில் வரவில்லை. வராமலே அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை.

"நான் சொல்லல மாமா. அவ்வளவுதான்."

"அப்ப தை வரைக்கும் கிட," என்றார் அவர்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அம்சம் நின்ற பக்கம் ரெத்தினம் திரும்பவே இல்லை. திரும்பினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"தை வரைக்கும் தாங்குவேனான்னு தெரியல," என்றாள் சத்தமாக. "அந்த வீரையனுக்கு ஒண்ணும் ஆகாமப் பார்த்துக்கும்." பிறகு உட்கார்ந்து அழுதாள்.