மூக்கு குத்தாத வீடு

கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று காளீஸ்வரி தானாகத்தான் முடிவு செய்தாள். பரளச்சியில் அவள் வயதுக்காரிகள் நாலு பேர் எடுத்துவிட்டு, மூன்றாம் மாதமே பருத்திக்காட்டில் நின்றார்கள். முப்பத்தெட்டு வயதில் அவளுக்குப் பெரிய ஆசைகள் ஏதும் இல்லை. மாதத்தில் பத்து நாள் ரத்தமாகப் போய்விடுகிறது, அடுத்த பத்து நாள் அந்த அசதியில் கழிகிறது. முழுசாக ஒரு மாதம் தனக்கென்று கிடைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

“படுத்து எந்திரிச்சு வா. ஆட்டை நான் பாத்துக்கிறேன்” என்று தங்கபாண்டி சொன்னான். அவளிடம் எதையும் வெளிப்படையாகக் கேட்டறியாத புருஷன். ஆனால் அந்த நாட்களில் தண்ணீர்க் குடத்தை அவனே தூக்கி வருவான். அதற்குமேல் ஒரு ஆம்பிளையிடம் எதிர்பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் ஆபரேஷன். காலாண்டு லீவில் இருந்த மகள் நாகஜோதியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்காக வந்திருந்தாள். லேப்பில் இருந்த பானுப்பிரியா நெசவாளர் தெருப் பெண். ஊசி குத்தி ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டு, வெளியே உட்காரச் சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்து மறுநாளைக்கான சீட்டோடு அவள் வெளியே வந்தபோது, பஞ்சு ஊறி முழங்கை வரைக்கும் ரத்தம் கோடு போட்டிருந்தது. காளீஸ்வரி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அழுத்திப் பிடிக்கச் சொன்னேனேக்கா.”

“பிடிச்சுக்கிட்டுத்தான தாயி இருக்கேன். எனக்கு எப்பவுமே மெதுவாத்தான் நிக்கும். ஒடம்பு வாகு.”

பானுப்பிரியா புதுப் பஞ்சை வைத்துத் தானே அழுத்திப் பிடித்தபடி சீட்டை வாசித்தாள். “ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது. கம்மல், மூக்குத்தி, கொலுசு எல்லாம் கழட்டிரணும்...” முகத்தைப் பார்த்தாள். “மூக்குத்திதான் ஒங்களுக்கு இல்லையே.”

“எங்க வீட்டுப் பொம்பளைக மூக்கு குத்துறதில்ல. பேச்சியம்மனுக்கு ஆகாது.”

“எங்க தெருவுல மூக்கு குத்தாட்டி மாப்ளையே கெடைக்காது. ஒங்க சாமிக்கு மட்டும் அப்படி என்ன கோவம்?”

“எங்கம்மாவோட சின்னம்மா ஒருத்தி ஆசைப்பட்டுக் குத்திக்கிட்டாளாம். மூணு நாள் ரத்தம் நிக்கல. நாலாம் நாள் போயிச் சேந்துட்டா. அதுக்கு முந்தியும் ஒருத்தி அப்படிப் போயிருக்கா. அன்னையிலருந்து அம்மனுக்குச் சத்தியம் பண்ணி, குத்துறதில்ல. காது குத்துனாக்கூட நாலு நாள் மஞ்சப்பத்துப் போட்டு, பக்கத்துலயே உக்காந்திருப்பாக.”

பானுப்பிரியாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கையை எடுக்காமலே டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா நின்றுகொண்டே கேட்டார். பல் பிடுங்கியபோது என்ன ஆனது, பிரசவத்தில் எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறதா. எல்லாவற்றுக்கும் காளீஸ்வரியிடம் பதில் இருந்தது. அதுவரை யாரும் அவற்றைச் சேர்த்துக் கேட்டதில்லை.

“காயம் பட்ட இடத்துல போய் அடைக்கிற தட்டணுக்கள்னு உண்டு. ஒங்க ரத்தத்துல அது சரியான அளவுலதான் இருக்கு. அதைக் காயத்துல ஒட்ட வைக்கிற ஒரு சத்து குறைவா இருக்கும்னு சந்தேகப்படுறேன். பிறவியில வர்றது. குடும்பத்துல தொடர்ந்து வரும்.”

காளீஸ்வரி விழித்தாள்.

“எங்கப்பா தறி போட்டிருக்காருக்கா” என்றாள் பானுப்பிரியா. “பாவுல, நீளவாக்குல ஓடுற இழையெல்லாம் எண்ணிக்கைக்குச் சரியா இருக்கும். கஞ்சி சரியாப் பிடிக்காட்டி பிசிறு பிசிறா நின்னு அத்துக்கிட்டே இருக்கும். அது மாதிரி.”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்குக் கெடையாதும்மா. இது தெரியாம கத்தி வச்சா ரத்தத்தை நிறுத்த முடியாமப் போயிரும். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். இதுக்கு மருந்து இருக்கு. ஆபரேஷனே தேவைப்படாமலும் போகலாம்.”

கெடையாது என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டரம்மா சொன்ன எதுவும் காளீஸ்வரியின் மனதில் இறங்கவில்லை. உயிர் தப்பியது என்று சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கைக்கு வந்த தட்டை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு கோபம் வந்தது. டாக்டரம்மா மேல் இல்லை. தன் வீட்டில் பிறந்து செத்துப்போன பெண்கள் மேல். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ரத்தம் நிற்காது என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டு, கூடிப் பேசி, சாமி பேரில் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் மூக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். மாதாமாதம் போனதைப் பற்றி ஒருத்தியும் இன்னொருத்தியிடம் வாயைத் திறக்கவில்லை. அதற்கென்று எந்த அம்மனிடமும் ஒரு சத்தியம் இல்லை.

“பாப்பாவுக்கு எப்படி?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா” என்றாள் காளீஸ்வரி.

நாகஜோதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பத்து நாள், பன்னெண்டு நாள் போகும் டாக்டர்” என்றாள் மெல்ல.

“ஏண்டி, எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

“சொன்னேம்மா. வயசுக்கு வந்த புதுசுல. நீதான், நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கு அப்படித்தான், பொறுத்துக்கன்னு சொன்ன.”

காளீஸ்வரி சொல்லியிருக்கிறாள்தான். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது அவளுக்கு ஆறுதலாகத்தான் பட்டது. உனக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிட்ட நிம்மதி. இப்போது செத்துப்போன அந்தப் பெண்களோடு தானும் வரிசையில் நிற்பது தெரிந்தது.

“ரெண்டு சீட்டா எழுதிக் குடுங்கம்மா” என்றாள். “இன்னைக்கே போறோம்.”

தங்கபாண்டிக்குப் போன் போட்டாள். நாளைக்கு ஆபரேஷன் இல்லை, மதுரைக்குப் போகிறோம், ரத்தத்தில் கோளாறாம், பிள்ளைக்கும் பார்க்க வேண்டும் என்றாள். அவன், “போயிட்டு வாங்க. ஆடு எங்கயும் ஓடிராது” என்றான்.

மதுரை பஸ்ஸில் பாதி சீட்டு காலியாகக் கிடந்தது. நாகஜோதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உக்காரு.”

“இல்லம்மா. நான் நின்னுக்கிட்டே வாரேன்.”

ஏனென்று காளீஸ்வரி கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் அவளும் இப்படித்தான் நின்றுகொண்டே போயிருக்கிறாள். மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கறை பட்டாப் படட்டும். எவனாவது கேட்டா நான் பேசிக்கிறேன். உக்காரு.”

நாகஜோதி சீட்டின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். காரியாபட்டி தாண்டிய பிறகுதான் பின்னால் சாய்ந்துகொண்டாள்.