பாதி முகத்துச் சக்கரவர்த்தி

எபேசுக்குக் கிழக்கே உள்ள ஏழு ஊர்களில் என்னைப் போல் முகம் செதுக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் சொல்லத் தயங்குவதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ரோமாபுரியை அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆண்டார்கள். பிறகு அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டார். தம்பியின் பெயரோ முகமோ எங்குமே இருக்கக் கூடாது என்று ஆணை வந்தது. எங்கள் சந்தைத் திடலில் நின்ற தம்பி சிலையை உடைக்க ஊர்ச்சபைக்கு மனமில்லை. அதையே அண்ணனாக மாற்றும்படி என்னிடம் சொன்னார்கள். பளிங்கில் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. வலது கன்னத்தைக் குறைத்து, புருவத்தில் அண்ணனின் கடுகடுப்பைக் கொண்டுவந்திருந்தேன். இடது பக்கம் இன்னும் தம்பிதான்.

அன்று காலை நான் ஏணியில் நின்றபோது சோசிமே ஓடிவந்து அந்தச் சிலையின் காலைக் கட்டிக்கொண்டாள். கம்பளி வியாபாரி அட்டாலோஸ் வீட்டு அடிமை அவள். எஜமானிக்குத் தலை வாருகிறவள். முடி சுருட்டும் இரும்புக் கம்பியால் அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். சக்கரவர்த்தியின் சிலையைப் பிடித்த அடிமையை எஜமான் தொடக் கூடாது. எபேசிலிருந்து ஆளுநரின் ஆள் வந்து விசாரித்து, கொடுமை உண்மையென்றால் வேறு வீட்டுக்கு விற்றுவிடுவார். அவளுக்கு அது ஒன்றுதான் வழி. அண்ணனின் நல்ல சிலை பத்தடி தள்ளி நின்றது. பாவி, பதற்றத்தில் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த அட்டாலோஸ் இரண்டு சிலைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டார். இது செத்த தம்பி, இதற்கு அடைக்கலம் கொடுக்கும் தகுதி இல்லை என்று ஊர் கேட்கச் சொன்னார். நகரத் தலைவரை அழைத்துவந்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்து, யார் முகம் என்று என்னைக் கேட்டார்.

"வலப்பக்கம் சக்கரவர்த்தி ஐயா. இடப்பக்கம் நாளைக்கு."

கூட்டம் சிரித்தது. அட்டாலோஸும் சிரித்தார். "செதுக்குறவனே சொல்லிட்டான், இன்னும் ஆகலன்னு."

நகரத் தலைவர் தலையாட்டப் போனார். எனக்கு என் வாய் மேலேயே ஆத்திரம் வந்தது. கீழே இறங்கி, சுத்தியலை அட்டாலோஸ் கையில் கொடுத்தேன்.

"தம்பிதானே? அழிக்கச் சொல்லி ஆணை வந்த முகம். மூக்க ஒடைங்க ஐயா, நான் தடுக்கல."

அவர் ஏணியில் மூன்று படி ஏறினார். சக்கரவர்த்தி முகத்தில் ஒரு கீறல் போட்டாலும் தலை போகும் என்பது அவருக்கும் தெரியும். வலது பக்கத்துக் கடுகடுப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கி, சுத்தியலைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

"ஏன் எறங்கிட்டீங்க?" என்றார் நகரத் தலைவர். "அப்ப இது சக்கரவர்த்திதான். யாரும் அவளத் தொடக் கூடாது."

கூட்டம் கலைந்தது. அட்டாலோஸ் மட்டும் எதிர்க்கடை வாசலிலேயே நின்றார். சோசிமே தலை நிமிராமல் கேட்டாள்: "நான் கைய எடுக்கலாமா?"

"எடுக்காத தாயி. கொஞ்சம் பொறு."

ஏணியில் ஏறி இடது பக்கத்தில் உளியை வைத்தேன். பளிங்குத் தூள் அவள் தலையிலும் புண்ணான கைகளிலும் கொட்டியது, அவள் அசையவில்லை. என் வாழ்நாளில் எந்த முகத்தையும் அத்தனை வேகமாகச் செதுக்கியதில்லை. பொழுது சாய்வதற்குள் அந்தக் கல்லில் தம்பி இல்லை.