'வலிக்குது'க்கு ஆள் இல்லை

1

இந்தக் கதை ஓர் இலக்கணச் சந்தேகத்தில் பிறந்தது. 'வருகிறேன்' என்றால் வருவது நான்; சொல்லின் வாலிலேயே ஆள் இருக்கிறது. 'வலிக்குது' என்றால்? வலி மட்டும்தான் இருக்கிறது. எனக்கா, அவளுக்கா என்று தனியாகச் சொன்னால்தான் உண்டு. அந்த ஒரு சொல்லை விட்டுவிடுகிற ஒருத்தியை எழுத உட்கார்ந்தேன்.

2

அக்கா படுக்கையில் விழுந்து மூன்று வருடம். தங்கைதான் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். (ஏன் என்றால், எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், நேரம் தாண்டினால் தோல் புண்ணாகும். அக்காவுக்கு ஒரு புண் இப்போதுதான் ஆறியிருக்கிறது.)

பத்து மணிக்குப் புரட்டிவிட்டுத் தங்கை கிளம்பினாள்.

"மாத்திரை வாங்கவா இவ்வளவு அவசரம்?" என்றாள் அக்கா.

"ஆமா."

"பன்னெண்டு தாண்டினா என் வாய் சும்மா இருக்காது, சொல்லிட்டேன்."

"இப்ப மட்டும் சும்மாவா இருக்கு?"

கதவைப் பூட்டும்போது அவள் மனதில் [இந்த வரியை அடித்துவிட்டேன். தன் மனதை அவளே இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, எனக்கென்ன அவசரம்.]

3

கிளினிக்கில் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டபோது மணி பதினொன்று இருபது. வீட்டுக்கு அரை மணி நேர நடை. உட்கார்ந்ததும் அக்காவின் ஃபைலை நீட்டினாள், கைப்பழக்கம்.

"சொல்லுங்க, எப்படி இருக்கு?"

"நெஞ்சு அடைக்குது, டாக்டர். இடது கை வரைக்கும் வலிக்குது."

டாக்டர் அக்காவின் ஃபைலில் எழுதிக்கொண்டார்.

"எப்பல்லாம்?"

"மாடி ஏறும்போது."

பேனா நின்றது. "படுத்தே இருக்கறவங்க எப்படிம்மா மாடி ஏறுவாங்க?"

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் "தப்பா சொல்லிட்டேன்" என்று எழுந்துவிடுகிறாள். வீட்டு மாடிப்படியில் பாதி ஏறும்போது... அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. இரண்டாவதில் 'எனக்கு' என்கிறாள். டாக்டர் அவளை வீட்டுக்கு விடமாட்டார். பன்னிரண்டு மணிக்கு அக்காவை யார் புரட்டுவது?

தப்பு என்னுடையது. இவர்களுக்கென்று வேறு மனிதரையே நான் படைக்கவில்லை. இப்போது ஒரு தம்பியைக் கொண்டுவரலாம்தான். மூன்று வருடம் எங்கே போயிருந்தான் என்று நீங்களே கேட்பீர்கள்.

டாக்டர் காத்திருக்கிறார். அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். இந்த அறையில் கை ஒழிந்திருப்பது நீங்கள் ஒருவர்தான்.

சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவிடம் முதலில் யாரென்று சொல்லுங்கள், திட்டுவாள், பரவாயில்லை. மேலே வரவேண்டிய காலின் முழங்காலை மடக்குங்கள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். இழுக்காதீர்கள், தோல் உரியும், உருட்டுங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று.

கிளம்புங்கள். நீங்கள் வாசலைத் தாண்டிவிட்டீர்கள் என்று தெரிந்தால்தான் அவள் அந்தச் சொல்லைச் சொல்வாள்.