தண்ணீருக்குச் சளி பிடித்த நாள்

அன்று காலை தண்ணீருக்குச் சளி பிடித்துவிட்டது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மெஷின் அப்படித்தான் காட்டியது.

எங்கள் லேபில், மூக்கில் விட்டெடுத்த பஞ்சுக்குச்சிகளைச் சோதிக்கக் குழாய்களை அடுக்கும்போதெல்லாம் கடைசிக் குழாயில் வெறும் சுத்தத் தண்ணீரை விடுவோம். அதற்குப் பெயர் வெறுங்குழாய். அதில் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கேயோ கிருமி கலந்துவிட்டது என்று அர்த்தம். அத்தனை பேரின் முடிவும் குப்பைக்குத்தான். அன்று இருபத்திரண்டு பேர். திரையில் வெறுங்குழாயின் கோடு ஜம்மென்று மேலே ஏறி நின்றது. கைக்குழந்தைகளின் நெஞ்சைக் கட்டிவிடும் சளிக் கிருமி அது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு நாளாயிருந்தால் பரவாயில்லை. என் தங்கையின் மகள் எட்டாம் மாதமே பிறந்து, ஐந்து வாரம் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் இன்னும் தொட்டதுகூட இல்லை. நான்கு மணிக்கு என் கையில் தருவதாகத் தங்கை சொல்லியிருந்தாள். சளி இருப்பவர்கள் யாரும் கிட்ட வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு மிரட்டி வைத்ததே நான்தான்.

புதுத் தண்ணீர் எடுத்து மறுபடி மெஷினில் ஓட்டினேன். மறுபடியும் சளி.

என்னோடு வேலை பார்ப்பவரை லேபில் எல்லோரும் மெதுவக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு மூடியைத் திறப்பதற்குள் நாங்கள் மூன்று மூடி திறந்துவிடுவோம். அவர் மேல் பாய்ந்தேன்.

"கையுறைய மாத்தினீங்களாக்கா?"

"மாத்தினேம்மா."

"மேசையத் துடைச்சீங்களா?"

"ரெண்டு தடவ துடைச்சேன்."

"அப்புறம் தண்ணிக்கு எப்படிக்கா சளி பிடிக்கும்? மழையில நனைஞ்சுச்சா?"

எனக்கு மண்டை காய்ந்தது. பாட்டிலா, குழாயா, மெஷினுக்கே கிறுக்குப் பிடித்துவிட்டதா? ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒன்றும் பிடிபடவில்லை.

"நீ கொஞ்சம் வெளிய நில்லும்மா. இந்தத் தடவ நான் தனியா அடுக்குறேன்" என்றார் மெதுவக்கா.

கதவுக் கண்ணாடி வழியே பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஆடி அசைந்து அடுக்கினார். வெறுங்குழாயின் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

"என்னக்கா மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தல. நீ உள்ள இல்ல, அவ்வளவுதான்."

"புரியல."

"நாலு நாளாத் தும்முறியேம்மா."

"அது ஏசி காத்து!"

"மாஸ்க் எங்க இருக்குன்னு பாரு."

தடவிப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே இருந்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதென்று இறக்கிவிடுவது என் பழக்கம். ஆனாலும் நம்ப முடியவில்லை. மற்றவர்களுக்குச் சளியா இல்லையா என்று சொல்கிற எனக்கா?

எத்தனை ஆயிரம் மூக்குகளில் குச்சி விட்டிருப்பேன்! என் மூக்கில் மெதுவக்கா விட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முடிவு வந்தபோது மணி மூன்றரை. அன்றைய கோடுகளிலேயே என் கோடுதான் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு ஏறியது.

போன் அடித்தது. தங்கை.

"அக்கா, கிளம்பிட்டியா? இவ முழிச்சுக்கிட்டா."

"நான் வரலடி. எனக்குச் சளி."

"விளையாடாத."

"டெஸ்ட் பண்ணியாச்சு. குழந்தைங்க நெஞ்சைக் கட்டுற அதே கிருமி."

அவள் மெல்லக் கேட்டாள். "நேத்து இங்க வந்து இவ துணியெல்லாம் நீதான மடிச்சு வச்ச?"

அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னச் சின்னச் சட்டைகள். ஒவ்வொன்றையும் முகத்தில் வைத்து முகர்ந்து, அதற்குப் பிறகுதான் மடித்தேன்.

"எல்லாத்தையும் சுடுதண்ணியில துவைச்சிடு. ஜன்னலத் திறந்து வை."

"அக்கா, நீ வாங்கின மஞ்சச் சட்டையத்தான் போட்டு விட்டிருக்கேன். நீ வந்து பாப்பியேன்னு."

"கழட்டிடு" என்றேன். "உடனே கழட்டு."

போனில் குழந்தை சிணுங்கியது. அவளுடைய குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.