எதிர்த்தரப்பு வரும் நேரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறந்ததில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் உருவப்படத்தை நீதிமன்றக் கூடத்தில் திறக்கப்போகிறார்கள், அன்று வெளியிடும் மலருக்கு அவரைப் பற்றி நான்கு பக்கம் வேண்டும் என்று வழக்கறிஞர் சங்கச் செயலாளர் என்னைப் பிடித்தார்.

"நல்லா தூக்கி எழுதுங்க. ஆனா உண்மையா இருக்கணும்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். வக்கீல் அல்லவா!

நானும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

நேர்மையின் சிகரமாக, நீதியின் கலங்கரை விளக்கமாகத் திகழ்ந்த நம்–

(நிறுத்திவிட்டேன். சிகரத்தின் மேல் எதற்குக் கலங்கரை விளக்கம்? யாருக்கு வழிகாட்ட, ஆடுகளுக்கா?)

அவர் தீர்ப்புச் சொன்னால் தோற்றவர்கூட–

இதை நிறுத்தியது வேறு காரணத்துக்காக. இது நல்ல வாக்கியம். முடிக்க வேண்டுமென்றால் தையல்காரரைக் கூப்பிட வேண்டும்.

2

தையல்காரர் தன் கடை இடம் சம்பந்தமான வழக்கில் இந்த நீதிபதியிடம் தோற்றவர். கடையைக் காலி செய்துகொண்டு எதிர்த் தெருவுக்குப் போனார். இன்றுவரை நீதிபதிக்குச் சட்டை தைப்பவரும் அவர்தான். நான் இதை நம்பவில்லை. நேரே போய்க் கேட்டேன்.

"தோத்தேன் சார், இல்லேங்கல" என்றார், வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு. "தீர்ப்ப வாசிச்சு முடிச்சிட்டு என்னைப் பாத்து, 'ஏன் தோத்தீங்கன்னு புரிஞ்சுதா?'ன்னு கேட்டார். புரியலைங்கய்யான்னேன். இன்னொரு தடவ சாதாரணப் பேச்சுல சொன்னார். என் வக்கீலுக்கே அப்பத்தான் புரிஞ்சிருக்கும். ஜெயிச்சவன் முகத்த அவர் ஏறெடுத்தும் பாக்கல. தோத்தா என்ன சார், ஏன்னு தெரிஞ்சா ராத்திரி தூக்கம் வரும்."

இதுதான் அவருடைய வழக்கம், பணிக்காலம் முழுக்க. தோற்றவருக்குப் புரியும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார். இளம் நீதிபதிகள் சிலர் இன்று அதையே செய்கிறார்கள். உருவப்படத்தைவிட அதுதான் அவர் விட்டுப்போகும் சொத்து என்று எழுதினேன். நான்கு பக்கம் நிறைந்துவிட்டது. செயலாளர் சந்தோஷப்பட்டிருப்பார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு ஓர் எழுத்தாளர் என்னதான் செய்வது? குறையே இல்லாத மனிதர் என்றால் எனக்குக் கை அரிக்கும். வீட்டில் எப்படியாம் என்று பார்க்கக் கிளம்பினேன்.

3

வீட்டில் அவருடைய நாள் நீதிமன்றம் மாதிரியே இரண்டு அமர்வுகளாக ஓடுகிறது. அவருடன் குடியிருப்பவள் மூத்த மகள், பள்ளித் தலைமையாசிரியை. (தலைமையாசிரியை என்றதும் என் பேனா அவளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடியையும் கடுகடுப்பையும் மாட்டிவிட்டது. கழற்றிவிட்டேன். அவள் சமையலறையில் சத்தமாகப் பாடுகிறவள், சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும்.) அவள் பள்ளிக்குப் போன பிறகு இளைய மகள் வருவாள். நகரத்தின் மறு கோடியில் வீடு, வேலை வீட்டிலிருந்தபடியே கணக்குத் தணிக்கை. மடிக்கணினியோடு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து கொடுத்து, சாப்பாடு போட்டு, அக்கா திரும்பும் முன் கிளம்பிவிடுவாள்.

நான் போன முதல் நாள் அவள் வாசலில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, எதிர்த்தரப்பு கிளம்பியாச்சா?"

"ஆச்சு, வா" என்றார் நீதிபதி.

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. மாலையில் பெரியவள் வந்ததும், சாப்பாட்டு மேஜையில் மூடி வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்து, "எதிர்த்தரப்பு உப்பு கம்மியாத்தான் போடும்" என்றாள். அக்கா தங்கை என்ற சொற்கள் அந்த வீட்டில் புழக்கத்திலேயே இல்லை.

4

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்கலாம், செய்யாவிட்டால் சிரமம்தான் என்றார் டாக்டர். பெரியவள் சம்மதக் கையெழுத்துப் போட்டாள். அம்மா மயக்கத்திலிருந்து எழவேயில்லை.

"அம்மா எங்கிட்ட வேணாம்னு சொன்னாங்க" என்கிறாள் சின்னவள். "என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. தெரிஞ்சே இவ ஆபரேஷனுக்கு அனுப்பிட்டா."

"அம்மா எங்கிட்ட சரி பண்ணிக்கலாம்னு சொன்னாங்க" என்கிறாள் பெரியவள். "செத்துப்போன அம்மா வாயில போய்ப் பொய்ய வெப்பாளா ஒருத்தி?"

இருவரும் அப்பாவிடம் போனார்கள். வேறு யாரிடம் போவார்கள்? அவர் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒருத்தி பேசும்போது மற்றவள் குறுக்கிடக் கூடாது என்று கை காட்டி, இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்டார். பிறகு, "தீர்ப்பு ஒத்திவைக்கப்படுது" என்று எழுந்து போனார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வழக்கு அப்படியே கிடக்கிறது. ஊரில் ஒரு தீர்ப்பைக்கூடத் தாமதிக்காத மனிதர், வருஷக்கணக்கில், பெற்ற மகள்களுக்குச் சொல்லவில்லை. தையல்காரருக்குக் கிடைத்தது இந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. யார் தோற்றார்கள், ஏன் தோற்றார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

கூடவே, இது நான்கு பக்கத்தில் அடங்காது என்பதும் தெரிந்துவிட்டது.

5

ஆகவே கதை. கதை என்றால் முடிவு வேண்டும். என் கையில் இருந்தவை:

படத்திறப்பு விழா. கைதட்டல். முன்வரிசையில் சகோதரிகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், கண் கலங்க ஓடி வந்து– (வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

அல்லது நீதிபதி இறந்துபோகிறார். தலைமாட்டில் இரண்டு மகள்களும்– (கதையின் முடியைப் பிடித்து இழுத்து முடிப்பது இது. முடிக்கத் தெரியாத எழுத்தாளர்தான் கிழவரைக் கொல்லுவார். எனக்கு முடிக்கத் தெரியும்.)

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நீதிபதி மகள்கள் இருவரையும் ஒரே அமர்வில் உட்காரவைக்கிறார். "சொந்த ரத்தம் சம்பந்தப்பட்ட வழக்க எந்த நீதிபதியும் விசாரிக்கக் கூடாது. நான் விசாரிச்சது தப்பு. இந்த வழக்கிலேர்ந்து விலகிக்கிறேன்" என்கிறார். சட்டத்திலேயே மருந்து கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா! அசத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே வாசித்துக் காட்டினேன். மத்தியான அமர்வு முடியப்போகும் நேரம். சின்னவள் பக்கத்து அறையில் தொலைபேசியில் யாரோடோ வரிக்கணக்கு பேசிக்கொண்டிருந்தாள்.

6

அவர் சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "நல்லா இருக்கு" என்றார். பிறகு, "ஆனா பாதிதான் இருக்கு."

"எது விட்டுப்போச்சுங்கய்யா?"

"விலகறவன் காரணம் சொல்லணும் எழுத்தாளரே. நீங்க போட்டிருக்கறது காரணமே இல்ல. வீட்டு வழக்க அப்பா விசாரிக்கலாம், அதுக்காக நான் விலக வேண்டியதில்ல." கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் அந்த வழக்குல சாட்சி. கூண்டுல நிக்க வேண்டிய ஆள், மேடையில ஏறி உக்காந்துட்டேன்."

எனக்குப் பேனாவைத் தொடத் தோன்றவில்லை.

"ஆபரேஷன் அன்னிக்குக் காலைல இவங்க அம்மா எங்கிட்ட சொன்னா. 'சின்னவ கேட்டா, பயத்துல வேணாம்னுட்டேன். பெரியவ கேட்டா, அவ மூஞ்சியப் பாத்து சரின்னுட்டேன். எனக்குத் தெரியலங்க. நீங்க சொல்லுங்க, அதுபடி செய்யலாம்'னா. நான் சொல்லியிருக்கணும். ஊருக்கெல்லாம் சொன்னேனே! எழுந்து வெளிய வந்தேன். டாக்டர் கேட்டார். பொண்ணுங்ககிட்ட கேட்டுக்குங்கன்னு சொல்லிட்டுப் போயி கேன்டீன்ல உக்காந்துட்டேன்."

"அப்போ ரெண்டு பேருமே..."

"ரெண்டு பேரும் சொன்னது நிஜம். எனக்கு அப்பவே தெரியும். சொன்னா, 'அப்ப நீங்க எங்கப்பா போனீங்க?'ன்னு கேப்பாங்க. அதுக்கு பயந்துதான் ஒத்திவெச்சேன். ஒருத்திய ஒருத்தி வெறுத்தாலும் ரெண்டு பேரும் எங்கிட்ட வராங்க இல்லியா? சொன்னா அதுவும் போயிடும்."

(குறை இல்லாத மனிதர் என்று கை அரித்ததே எனக்கு. இப்போது அரிக்கவில்லை. அழுகைதான் வந்தது, அடக்கிக்கொண்டேன்.)

"இத மலர்ல போட்டுடாதீங்க" என்றார்.

"போடலைங்கய்யா."

"கதையிலயும் நான் சொல்றதுக்கு முன்னாடி போட்டுடாதீங்க. பொண்ணுங்க புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது." பிறகு பக்கத்து அறையைப் பார்த்து, மேடையில் இருந்த காலத்துக் குரலில் கூப்பிட்டார். "சின்னவளே! இன்னிக்கு நீ போகாத. இரு."

அவள் வாசற்படிக்கு வந்தாள். "அப்பா, மணியப் பாருங்க. எதிர்த்தரப்பு வர்ற நேரம்."

"அதனாலதான் இருங்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் தாள்களை அடுக்குவதில் மும்முரமானேன். அவள் போய் மேஜையின் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். நீதிபதி மேஜையின் தலைமாட்டிலிருந்து மெல்ல எழுந்தார். ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நடந்து, அவளுக்கு எதிர்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்காங்கய்யா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருக்கு. இன்னிக்கு நாந்தான் தோக்கப்போறேன். பரவால்ல, ஏன்னு எனக்குத் தெரியும்."

7

வெளியே வந்தேன். அது அவர்கள் குடும்ப விஷயம், எழுத்தாளருக்கும் ஒரு மட்டு மரியாதை உண்டு. வாசல் கேட்டை நான் திறக்கும்போது பெரியவளின் கார் வந்து நின்றது. கை நிறைய விடைத்தாள் கட்டோடு இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கட்டுரை முடிஞ்சுதா?"

"கிட்டத்தட்ட" என்றேன்.

அவள் படியேறினாள். கதவருகில் நின்றாள். தங்கையின் செருப்பு அங்கே கிடந்தது.

"இவ ஏன் இன்னும் இங்க இருக்கா?" என்றாள். என்னைக் கேட்கவில்லை. 'எதிர்த்தரப்பு' என்று சொல்ல அவளுக்கு மறந்துவிட்டது. அதை நான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை.

இந்தக் கதையை நீங்கள் படிக்கிறீர்கள் என்பதால், அவர் சொல்லிவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப்போவதில்லை. 'தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது' என்று முடிக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எழுதியும் பார்த்தேன், அடித்துவிட்டேன். அந்த வாக்கியம் அந்த வீட்டில் செய்த வேலை போதும்.

மலரில் தையல்காரர் வரைக்கும்தான் வந்தது. செயலாளர் சிகரத்தைத் தானே சேர்த்துக்கொண்டார்.

இனி அந்த அறை உங்களுடையது. மேஜைக்கு ஒரு பக்கம் அப்பா, எதிரே சின்னவள், கதவில் பெரியவள். தலைமாட்டு நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் அதில் உட்கார்ந்துவிடாதீர்கள். பெரியவளை மன்னிக்கச் சொல்லுங்கள், கத்தச் சொல்லுங்கள், தங்கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் பேசி முடிக்கும்வரை யாரையும் குறுக்கிட விடாதீர்கள்.