நல்ல சேதி சொல்லும் முறை

"உங்க குரல் வேணாம் அண்ணே. நீங்க பேசினா பஸ் ஸ்டாண்டுல ஆள் கூப்பிடுற மாதிரி இருக்கும்."

"ஆள் கூப்பிடுறதுதானே என் பொழப்பு. 'பிஷ்கெக், பிஷ்கெக்'னு நான் ஒரு சத்தம் போட்டா, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனும் மூட்டையோட வந்து நிப்பான்."

"அவரை வண்டியில ஏத்தப் போறதில்ல. போன்ல அவர் மகளைப் பத்தி நல்ல சேதி சொல்லப் போறோம். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

ஜூமாகதிர் அண்ணன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு, அந்த முறையைத்தான் பார்ப்போமே என்கிற முகத்தோடு உட்கார்ந்தார். எங்கள் ஊர் கொச்கோருக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவர். புதன்கிழமைகளில் மட்டும் மதியச் சவாரியை விட்டுவிட்டு எங்கள் பள்ளிக்கு வந்துவிடுவார். ஊர்க்காரர்கள் சிலர் வாரத்தில் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பிள்ளையோடு உட்கார வேண்டும் என்பது நான் செய்த ஏற்பாடு. நான் பள்ளியின் ஆலோசகர், கனிஷாய். என் அறை முன்பு பனிச்சறுக்குக் கட்டைகள் கிடந்த அறை. அவற்றில் பூசும் மெழுகின் வாசனை இன்னமும் போகவில்லை.

அவருக்குக் கிடைத்த பிள்ளை ஏழாம் வகுப்புத் தொல்குன். பெரியப்பா வீட்டில் வளர்கிறாள். அம்மா இல்லை. அப்பா மெதெர்பெக் மாஸ்கோவில் கட்டட வேலை. இலையுதிர் காலத்திலிருந்து வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை. முதல் புதன்கிழமை ஜூமாகதிர் அண்ணன் படிப்பின் பெருமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். தொல்குன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் சொல்ல எதுவும் மிச்சம் இல்லாததால், குழிக்குக் குழி காய் போட்டு ஆடும் ஒன்பது குழிப் பலகையைக் கொண்டுவந்தார். தோற்றார். அதற்கடுத்த வாரமும் தோற்றார். நான்காவது வாரம், காய்கள் குளிரில் சுருங்கிவிட்டன என்று அவர் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அதன் பிறகு பேசவும் செய்தாள்.

பேசியதில் ஒன்றைத்தான் நான் குறித்து வைத்தேன். அப்பா வசந்தப் புத்தாண்டான நோவ்ரூஸ் பண்டிகைக்கு வருவதாகச் சொல்லி மூன்று வருடமாக வரவில்லை. இந்த வருடம் வரச் சொல்லிக் கேட்க அவளுக்கு ஆசை, கேட்கத்தான் வாய் வரவில்லை. படிக்கிறாயா, பெரியம்மா பேச்சைக் கேட்கிறாயா என்று அவர் இரண்டு கேள்வி கேட்பார், அவள் இரண்டு தடவை ஆமாம் என்பாள், அதற்குள் அங்கே யாராவது அவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இப்போது சொல்ல ஒரு சேதி கிடைத்திருந்தது. அந்த ஆட்டத்தில் தொல்குன் கணக்கு வாத்தியார் உட்பட எல்லோரையும் தோற்கடித்து, நோவ்ரூஸ் அன்று சதுக்கத்தில் நடக்கும் வட்டாரப் போட்டிக்குப் பள்ளியின் சார்பாகத் தேர்வாகியிருந்தாள். ஆலோசகர் பயிற்சியில் எனக்கு ஒரு தடித்த கையேடு தந்திருந்தார்கள். எந்த நாட்டிலோ எழுதி, ரஷ்ய மொழி வழியாக எங்களிடம் வந்த புத்தகம். பள்ளியிலிருந்து போன் வந்தாலே பெற்றோர் பயப்படுகிறார்கள், ஆகவே நல்ல சேதி சொல்வதற்காக மட்டும் அவர்களைக் கூப்பிடுங்கள் என்று அதில் இருந்தது. எப்படிப் பேச வேண்டும் என்றும் வரிசையாகப் போட்டிருந்தது.

மாஸ்கோவில் சாப்பாட்டு நேரம் பார்த்து அழைத்தேன். தொல்குன் ஜன்னலோரம் நின்று ஒரு காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே மெதெர்பெக் கேட்டார்: "யாரு?"

பள்ளியிலிருந்து பேசுவதாகச் சொன்னேன். கையேடு சொன்னபடி குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இப்ப உக்காந்திருக்கீங்களா?"

"எதுக்கு?"

"நிதானமாப் பேசத்தான். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

இயந்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவரே நிறுத்தினாரோ என்னவோ.

"யாரு, எங்க அண்ணனா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "பதறாதீங்க. முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

"பாப்பாவா?" குரல் உடைந்து, பிறகு வேறு பக்கம் திரும்பி யாரிடமோ தன் பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொன்னது. வாளி ஒன்று உருண்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களில் யாரும் சாவுச் செய்தியை நேராகச் சொல்வதில்லை, அதுவும் தூர தேசத்தில் இருப்பவனுக்கு. உட்காரச் சொல்வார்கள், பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள், தண்ணீர் குடிக்க வைப்பார்கள். என் மாமா போனபோது எங்கள் அம்மாவுக்கு இப்படித்தான் சொன்னார்கள், நானும் அங்கே இருந்தேன். எல்லாம் தெரிந்தும் அன்று என் தலைக்குள் கையேடு மட்டுமே இருந்தது. இல்லை, இல்லை என்று நான் சொன்னதும் அந்தச் சடங்கின் பகுதி போலவே அவருக்குக் கேட்டிருக்கும்.

ஜூமாகதிர் அண்ணன் போனைப் பிடுங்கினார்.

"சுயுஞ்சு, மெதெர்பெக்! சுயுஞ்சு, சுயுஞ்சு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது. நல்ல சேதி கொண்டுவருகிறவன் முதலில் இந்த வார்த்தையைத்தான் கத்த வேண்டும். கேட்டவன் பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுத்தாக வேண்டும். சாவு வீட்டுக்காரன் இப்படிக் கத்த மாட்டான் என்பது மாஸ்கோ வரை தெரியும்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் குரலை மெதெர்பெக் அடையாளம் கண்டுகொண்டார். பிறகு ஜூமாகதிர் அண்ணனின் ஏழு தலைமுறையையும், அவருடைய வேனின் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் திட்டினார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்ததும் போட்டி விஷயத்தைச் சொன்னார், தான் பதினோரு முறை தோற்றதையும் சேர்த்து. வேண்டுமென்றே தோற்றுப் பயிற்சி கொடுத்ததாக ஒரு பொய்யும் சொன்னார். தொல்குன் ஒரு புருவத்தை உயர்த்தினாள்.

அந்தப் பக்கம் மெதெர்பெக் அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. கூட வேலை செய்கிறவர்களிடம் என் மகள், என் மகள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்மேல் கோபமில்லை என்றார், ஆனால் இனிமேல் அந்த அக்கா எனக்குப் போன் செய்ய வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"சரி, சேதி கொண்டாந்தவனே. என்ன வேணும், கேளு. செம்மறி ஆடா, தொப்பியா?"

"ஆடெல்லாம் வேன்ல ஏறினா சீட்டைத் தின்னுடும்," என்றார் ஜூமாகதிர் அண்ணன். "என் பங்கை உன் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். அவ கேப்பா."

போனை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கேள் என்றோ, இப்படிக் கேள் என்றோ அவர் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு நான் பேசியது போதும்.

"கேளும்மா. போனா? பனிக்கோட்டா? பெரியம்மா சொன்னாங்க, சிவப்புல ஒண்ணு பாத்தியாமே."

தொல்குன் மேஜையருகே வந்தாள். உள்ளங்கையிலிருந்த காயைப் பலகையின் காலிக் குழி ஒன்றில் போட்டாள். வகுப்பில் எழுந்து நிற்பவளைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"கோட்டு வேணாம்ப்பா. நோவ்ரூஸுக்கு நீங்க வாங்க. ஒரு நாள் போதும். நான் ஆடுறப்ப என் பக்கத்துல நில்லுங்க."